எண்பத்து நாலாம் நம்பர் ஸ்பானா

காளியப்பனைப் பற்றித் தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் யாரைக் கேட்டாலும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: மனுஷன் எழுந்துவிட்டால் உட்காரமாட்டார், உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்கமாட்டார். நாற்பத்தேழு வயதுக்கு அது கொஞ்சம் அதிகப்படியான அலுப்புதான். ஆனால் சிங்கப்பூருக்கு வடக்கே காஹாங்குக்குப் பக்கத்தில் கல்லுமலைத் தோட்டத்து இஞ்சின் கொட்டகையைப் பத்தொன்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்த பிட்டர் அவர். ரப்பர்ப் பாலைத் தகடாக அழுத்தும் உருளைகள், அவற்றைச் சுழற்றும் இஞ்சின், இரண்டுக்கும் நடுவில் ஓடும் தோல்வார், எல்லாம் அவர் பொறுப்பு. இஞ்சின் நின்றால் தொட்டியில் பால் புளிக்கும். பால் புளித்தால் துரையின் முகமும் அதே பதத்துக்கு வந்துவிடும். அதனால் காளியப்பன் சோறு தின்னும்போதுகூட ஒரு காதை இஞ்சின் பக்கமே வைத்திருப்பார். பேச்சுக்கு நடுவே சட்டென்று எழுந்து போய்விடுவார். கூட இருப்பவர்களுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. அவருக்கு மட்டும் ஏதோ ஒரு மரை தளர்ந்தது கேட்டிருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில் பழைய இஞ்சினைக் கழற்றிவிட்டுச் சிங்கப்பூரிலிருந்து புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அதோடு ஒரு மரப்பெட்டியும் வந்தது. பெட்டியில் மரை திருகுகிற இருபத்திரண்டு ஸ்பானாக்கள். அதுவரை கொட்டகையில் இருந்தவை கறுத்துப்போன இரும்பு ஸ்பானாக்கள். எடுத்தால் கை கரியாகும், போட்டால் எங்கே கிடக்கிறதென்று தெரியாது. இவையோ வெள்ளிப் பாத்திரம்போலப் பளபளத்தன. எஃகின்மேல் குரோமியம் என்ற உலோகத்தைப் பூசியிருக்கிறார்கள், இது துருவே பிடிக்காது என்று தோட்டத்துக் குமாஸ்தாவான ஸ்டோர் கிராணி ஏரம்பமூர்த்தி காகிதத்தைப் பார்த்துச் சொன்னார். லயத்துப் பெண்களுக்கு அந்தப் பெயரெல்லாம் வேண்டியிருக்கவில்லை. பால் வாளியை இறக்கிவிட்டு ஒருத்தி ஸ்பானாவைத் தூக்கி, அதில் தன் முகத்தைப் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள். அன்றிலிருந்து அது கண்ணாடி ஸ்பானா ஆகிவிட்டது.

கறுத்த ஸ்பானாவை யாரும் சீண்டியதில்லை. பளபளப்பு வந்ததும் கண்ணும் வந்தது. கொட்டகைக்கு ஒரு பக்கம் சுவரே கிடையாது. பால் நிறுக்க வருகிறவர்களின் வரிசை அந்தப் பக்கமாகத்தான் நகரும். பெட்டி வந்த இரண்டே மாதத்தில் மூன்று ஸ்பானாக்கள் காணாமல் போயின. காளியப்பன் உருளைக்கு அடியில் தேடினார், எண்ணெய்க் குழியில் கையை விட்டுத் துழாவினார், தூக்கத்தில்கூடத் தேடியதாக அவர் மனைவி வெள்ளையம்மா சொன்னாள்.

மூன்றாவது போன மறுநாள் ஏரம்பமூர்த்தி கொட்டகைக்கே வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்லவர், ஆனால் எந்நேரமும் எதிலோ பிந்திப்போனவர்போல இருப்பார். அன்றும் கையில் ஒரு கட்டுக் காகிதத்தோடு வாசலில் நின்றபடியே பேசினார்.

"துரை சொல்லிப்போட்டார், காளியப்பன். இனி ஒண்டு காணாமல் போனால் உம்மை வைச்சிருக்கேலாதாம். எல்லா ஸ்பானாவிலையும் அழியாத அடையாளம் போடட்டாம்."

"என்ன அடையாளம் போடறதுங்க ஐயா?"

"எல்லாச் சாமானிலையும் போடுற மாதிரித்தான் காணும். இதையும் நான் வந்து காட்டித் தரோணுமே?"

அவர் போய்விட்டார். ஆபீசில் டெலிபோன் அடித்துக்கொண்டிருந்தது.

எல்லாச் சாமானிலும் போடுகிற மாதிரி என்றால் காளியப்பனுக்கு நன்றாகத் தெரியும். தோட்டத்தில் பால் வெட்டுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அந்த நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவர்களிடம் கொடுத்த வாளியிலும் அந்த நம்பர்தான், உளிப்பிடியிலும் அந்த நம்பர்தான். காளியப்பன் சேலம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தபோது இருபத்தோரு வயது. அவருக்கு முன்னால் எண்பத்து நாலாம் நம்பராக இருந்த ஆள் சதுப்பில் மரம் வெட்டப்போய்க் காய்ச்சலில் செத்திருந்தான். அவன் பெயர் என்ன என்று கேட்டதற்குக் கங்காணிக்கு ஞாபகம் வரவில்லை. செத்தவனுடைய வாளியையும் உளியையும் எடுத்து நீட்டி, இனிமேல் நீதான் எண்பத்து நாலு, இது தொலைந்தால் நீதான் பதில் சொல்லவேண்டும் என்று மட்டும் சொன்னான். இருபத்தாறு வருஷமாக அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் பெரட்டில் பதில் சொல்வார். பகலெல்லாம் இஞ்சினுக்குப் பதில் சொல்வார்.

லயத்தில் இதற்கென்று யாரும் எழுதிவைக்காத ஒரு முறை இருந்தது. நம்பர் போட்ட சாமானை இன்னொருவர் தொடமாட்டார்கள். ஒற்றையடிப் பாதையில் ஓர் உளி விழுந்துகிடந்தால், பொழுது சாய்வதற்குள் அது அந்த நம்பர்காரர் வீட்டு வாசலில் இருக்கும். தொலைத்தவர் பட வேண்டிய பாடு எல்லோருக்கும் தெரியும் அல்லவா! நம்பர் இல்லாத சாமான் வேறு. அது தோட்டத்துச் சாமான். தோட்டத்துச் சாமான் என்றால் காட்டில் கிடக்கிற விறகு மாதிரி. எடுத்தவரைத் திருடன் என்று யாரும் சொல்வதில்லை.

ஆகவே எந்த அடையாளம் என்பதில் அவருக்குக் குழப்பமே வரவில்லை. எப்படிப் போடுவது என்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

முதலில் வாளிக்குப் போடுகிற வெள்ளைப் பெயிண்டையே தடவிப் பார்த்தார். அந்த வழுவழுப்பில் பெயிண்ட் ஒட்டவே மாட்டேன் என்றது. காய்ந்த பிறகு மண்ணெண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு இழுத்தார், வாழையிலையில் ஒட்டிய சோற்றுப் பருக்கைபோல உதிர்ந்தது. அடுத்து, தகர வில்லைகளில் நம்பர் அடிக்கிற எண் அச்சை எடுத்தார். ஸ்பானாவைப் பட்டறைக்கல்லில் வைத்து, அச்சை அதன்மேல் நிறுத்திச் சுத்தியலால் ஓங்கி அடித்தார். அச்சு வழுக்கிக்கொண்டு போய் அவர் கட்டைவிரலைப் பதம் பார்த்தது. இரண்டாம் முறை வழுக்கவில்லை. எட்டின் மேல்சுழி மட்டும் முடி கீறியதுபோலத் தெரிந்தது. அச்சைத் திருப்பிப் பார்த்தால் அதன் முனை மழுங்கிப்போயிருந்தது. மேலே இருப்பது ஈர்க்குக் கனம்கூட இல்லாத பூச்சு. கீழே இருப்பதோ அச்சைவிடக் கெட்டியான எஃகு. பாலை உறையவைக்கிற ஆசிட்டில் ஒன்றை ஒரு பகலெல்லாம் ஊறப்போட்டும் பார்த்தார். குளித்துவிட்டு வந்த மாப்பிள்ளைபோல முன்னைவிடப் பளபளப்பாக வெளியே வந்தது.

"அலமாக், இதுக்கு ஒரு நல்ல நாள் பாத்துப் பச்சை குத்திருங்கண்ணே" என்று தோல்வார் தைக்கிற மணியம் கேலி செய்தான்.

பச்சை குத்துவது என்றதும் அவருக்கு ஊசி ஞாபகம் வந்தது. ஊசியிலிருந்து பத்தர் ஞாபகம் வந்தது. ஒரு தடவை வெள்ளையம்மாவின் தோட்டைக் குளுவாங் பத்தரிடம் காட்டியபோது, அவர் ஒரு சொட்டுத் திராவகத்தை விட்டு உரசிப் பார்த்தார். தங்கம் அப்படியே நின்றது, அதில் கலந்திருந்த செம்பு பச்சையாகப் பொங்கியது. எஃகுக்கும் அந்தத் திராவகம் ஆகுமா என்று கேட்டுவிட ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனார். எஃகைத் தின்றுவிடும், மேல்பூச்சைத் தொடாது, பூச்சை எடுத்துவிட்டு வாரும் என்றார் பத்தர். ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, கண்ணாடி மூடியே போட்டு, தேங்காய்நாரில் சுற்றிக் கொடுத்தார். திரும்பி வரும்போது பஸ் குலுங்கும் ஒவ்வொரு குலுக்கலுக்கும் காளியப்பன் மடியில் ஒரு பிள்ளையை வைத்திருப்பதுபோல அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நான்கு சாயங்காலம் அந்த வேலை நடந்தது. சாணைக்கல்லின் ஓரத்தில் ஸ்பானாவின் பிடியை மெல்ல வைத்து, புளியங்கொட்டை அளவுக்குப் பூச்சை மட்டும் தேய்த்து எடுப்பார். கொஞ்சம் அழுத்தினால் எஃகு போய்விடும், கொஞ்சம் தயங்கினால் பூச்சு நிற்கும். பிறகு அந்த இடத்தின்மேல் தேன்மெழுகை உருக்கி வழியவிடுவார். மெழுகு ஆறியதும் தையல் ஊசியால் எட்டும் நாலும் கீறுவார். கீறின இடத்தில் எஃகு தெரியவேண்டும். கோழி இறகின் முனையில் திராவகத்தைத் தொட்டு வைத்தால், ஊசித் தடத்தில் மட்டும் சின்னச் சின்னக் குமிழாகக் கொதிக்கும். பழுப்பாக ஒரு புகை எழும்பும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு காத்திருப்பார். அரைமணி கழித்துச் சாம்பல் தண்ணீரில் கழுவி மெழுகைச் சுரண்டினால், நகத்தால் தடவிப் பார்க்கிற ஆழத்துக்கு 84 என்று நிற்கும். அதை எடுக்கவேண்டுமானால் ஸ்பானாவையே தேய்த்துத் தீர்க்கவேண்டும்.

மீதியிருந்த பத்தொன்பதிலும் போட்டு முடித்தபோது அவருக்கு இருமல் பிடித்துவிட்டது. வலதுகை நடுவிரலில் திராவகம் பட்ட இடம் மஞ்சளாகக் காய்த்துப்போயிருந்தது. இன்னொரு வேலையும் கூடிக்கொண்டது. பூச்சை எடுத்த இடத்தில் மட்டும் வியர்வைக் கை பட்டால் துரு பிடித்தது. துருவே பிடிக்காத ஸ்பானாவில், அவருடைய நம்பரில் மட்டும் துரு. ஆகவே தினமும் வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் பத்தொன்பது எண்பத்து நாலையும் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகவேண்டும் என்றாயிற்று. வெள்ளையம்மா, என் காலுக்குத் தைலம் தேய்க்க உங்களுக்கு நேரமில்லை, ஸ்பானாவுக்குத் தேய்க்க நேரமிருக்கிறது என்றாள். இரண்டு காலும் வீங்கி அவள் ஒரு வருஷமாகப் பால் வெட்டப் போகமுடியாமல் இருந்தாள்.

ஒரு மாதம் ஒன்றும் காணாமல் போகவில்லை. பிறகு ஒரு புதன்கிழமை சிங்கப்பூரிலிருந்து கணக்குப் பார்க்கும் ஒரு ஏஜண்டு துரை தோட்டத்தைப் பார்வையிட வந்தார். இஞ்சினைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார். துரை பக்கத்தில் நின்றார், இரண்டு பேருக்கும் பின்னால் ஏரம்பமூர்த்தி நின்றார், மூவருக்கும் பின்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு காளியப்பன் நின்றார். எண்ணினால் பதினெட்டு இருந்தது. காலையில் தோல்வாரை மாற்றுகிற அவசரத்தில் காளியப்பன் எண்ணிப் பார்க்கவில்லை. அது போதாதென்று ஏஜண்டு துரை ஒரு ஸ்பானாவைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினார். இது என்ன எண்பத்து நாலு என்று இங்கிலீஷில் கேட்டார். துரை ஏரம்பமூர்த்தியைப் பார்த்தார். ஸ்பானாவில் பார்த்தபோது அது ஓர் ஆளின் நம்பர் என்று ஏரம்பமூர்த்திக்கும் தோன்றவில்லை. ஆபீசுக்குப் போய், ஆட்களின் நம்பரும் வருகையும் எழுதும் செக்ரோல் புத்தகத்தைப் புரட்டின பிறகுதான் தெரிந்தது.

அன்று மத்தியானமே காளியப்பனைக் கூப்பிட்டனுப்பினார். ஆபீசில் ஏரம்பமூர்த்தி நாற்காலியைக் காட்டவில்லை. காட்டியிருந்தாலும் காளியப்பன் உட்கார்ந்திருக்கமாட்டார்.

"காணும், கொம்பனிச் சாமானிலை உம்மட நம்பரைப் போட்டு வைச்சிருக்கிறீரே. ஆர் சொன்னது?"

"நீங்கதாங்க ஐயா சொன்னீங்க."

"நானோ?"

"எல்லாச் சாமான்லயும் போடற மாதிரின்னு சொன்னீங்க."

ஏரம்பமூர்த்தி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு எழுந்து மூலையில் கிடந்த ரப்பர்ப் பெட்டியைக் காட்டினார். அதன் பலகையில் தோட்டத்தின் பெயரை மூன்று இங்கிலீஷ் எழுத்தாகக் கறுப்பு மையில் அச்சடித்திருந்தது. ஏற்றுமதிக்குப் போகிற எல்லாப் பெட்டியிலும் அதுதான் இருக்கும். அவர் சொன்னது அது. அவர் வாழ்வது ஆபீசில், அங்கே சாமான் என்றால் பெட்டி. காளியப்பன் வாழ்வது லயத்தில், அங்கே சாமான் என்றால் வாளியும் உளியும்.

"என் பொறுப்புன்னு போட்டேங்க. என் சொத்துன்னு போடலீங்க" என்றார் காளியப்பன்.

கிராணிக்கு அது விளங்கிற்று. ஆனால் துரைக்கு விளங்கவைக்கிற அளவு தைரியம் அவருக்கு அன்றைக்கு இல்லை. துரையின் கணக்கு நேரானது. ஆள் தன் நம்பரைக் கம்பெனிச் சாமானில் செதுக்கியிருக்கிறான், அதில் ஒன்றைக் காணோம், ஆகவே முந்தின மூன்றும் எங்கே போயிருக்கும் என்று யோசிக்கத் தேவையில்லை. மாதக் கடைசியில் வேலையைவிட்டுப் போகவேண்டும். அதோடு வீட்டையும் காலி செய்யவேண்டும். போகும்போது கொடுக்கிற சீட்டில் கைச்சுத்தம் இல்லாதவன் என்று எழுதப்படும். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு யோங் பெங்குக்குப் போனாலும் சரி, செனாய்க்குப் போனாலும் சரி, எந்தத் தோட்டத்து வாசலும் திறக்காது. போவதற்கு முன்னால் அந்த நம்பரை அழித்துவிட்டுப் போகவேண்டும் என்பதும் துரையின் உத்தரவு.

"அழியாதுங்க ஐயா" என்றார் காளியப்பன். "அழியாம போடத்தான சொன்னீங்க."

வீட்டில் வெள்ளையம்மாவிடம் சொன்னபோது அவள் அழவில்லை. வீங்கின காலைப் பலகைமேல் தூக்கிவைத்தபடி, இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். பதினெட்டு நாள். அவளுக்கு முப்பத்தொன்றாம் வருஷம் ஞாபகம் வந்திருக்கவேண்டும். ரப்பர் விலை விழுந்து லயத்தில் பாதிப் பேரை லாரியில் ஏற்றிக் கப்பலுக்கு அனுப்பிய வருஷம் அது. அன்றைக்கு லாரி போன பிறகு தெருவில் கிடந்த சட்டிகளை அவள்தான் பொறுக்கி அடுக்கினாள். இஞ்சின் கொட்டகைக்கு ஆள் வேண்டும் என்பதால் மட்டும் இவர்கள் தப்பினார்கள். இப்போது லாரியும் வராது. நடந்துதான் போகவேண்டும், அவளால் பெரிய சாலைவரை நடக்கமுடியாது. ஊரில் காளியப்பனின் அண்ணன் போன வருஷம் போய்ச்சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு கடிதம் போடவும் அங்கே யாருமில்லை.

காளியப்பன் மறுநாளும் வேலைக்குப் போனார். போகாமல் என்ன செய்வது? பதினெட்டு நம்பருக்கும் எண்ணெய் போட்டார். மணியம் அன்று கேலி பேசவில்லை. பால் வரிசையில் நின்றவர்கள் கொட்டகைப் பக்கம் பார்க்காமல் நின்றார்கள். செய்தி அதற்குள் கடைசி லயம்வரை போயிருந்தது. காளியப்பனுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் உடம்பில் ஏதாவது மிச்சம் இருக்கவேண்டும்.

நாலாம் நாள் சாயங்காலம் கருப்பாயி வீட்டுக்கு வந்தாள். அவள் நூற்றுப் பன்னிரண்டாம் நம்பர், பால் வெட்டுகிறவள். புருஷன் செத்த பிறகு தம்பி வேலுவைக் கூட வைத்துக்கொண்டிருந்தாள். வேலு தோட்டத்து லாரியில் மூட்டை ஏற்றுகிறவன். கருப்பாயி வெள்ளையம்மாவின் காலைப் பார்த்தாள், கொஞ்சம் ஓமம் வேண்டுமா என்று கேட்டாள், வேறு ஏதோவும் பேசினாள். பிறகு முந்தானைக்குள்ளிருந்து பழந்துணியில் சுற்றிய ஒன்றை எடுத்துப் பாயின்மேல் வைத்தாள். துணிக்குள் அந்தப் பத்தொன்பதாவது ஸ்பானா இருந்தது.

"அண்ணே, இது ஒங்களுது."

"என்னுது இல்ல புள்ள. தோட்டத்துது."

"தோட்டத்துதுன்னா அவன் திருப்பிக் கொண்டாந்திருப்பானா?"

கருப்பாயி குனிந்தபடியே நடந்ததைச் சொன்னாள். முந்தின மூன்றும் வேலுதான். குளுவாங்கில் பழைய இரும்பு வாங்குகிற சீன முதலாளி தவுக்கேயிடம் கொடுத்திருக்கிறான். நாலாவதையும் வரிசைக்குப் பின்னாலிருந்து கையை நீட்டி எடுத்து, பார்க்காமலேயே சாக்கில் சுருட்டி லாரியில் கொண்டுபோனான். தவுக்கே சாக்கைப் பிரித்து, பிடியைத் திருப்பி, நம்பர் இருக்கிறது, எனக்கு வேண்டாம் என்று தள்ளிவிட்டான். முதலில் வேலு கெஞ்சிப் பார்த்திருக்கிறான். தவுக்கே விரலால் நம்பரைச் சுரண்டிக் காட்டினான். அப்போதுதான் வேலுவும் பார்த்தான். பார்த்த பிறகு கெஞ்சவில்லை. திரும்பிக் கொண்டுவந்து விறகுக்கு அடியில் செருகிவைத்தான். கொண்டுபோய்க் கொடுக்கவும் பயம், வைத்துக்கொள்ளவும் பயம். ராத்திரி சோறு போட்டால் பிசைந்துவிட்டு எழுந்துபோனான். ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. இன்றைக்கு விறகு எடுக்கும்போதுதான் தெரிந்தது.

"தொரை சாமான்னு நெனச்சிக்கிட்டு எடுத்துட்டான்ணே. எம்பத்து நாலுன்னு தெரிஞ்சா எடுப்பானா? நீங்க அவன் காலு ஒடிஞ்சப்ப தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடின ஆளு."

"அதெல்லாம் எதுக்கு இப்ப?"

"அவனப் போலீசுல சொல்லிராதீங்க."

அவள் போன பிறகு காளியப்பன் ஸ்பானாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நம்பரில் துரு பிடித்திருந்தது. வெள்ளையம்மா, நாளைக்குக் காலையிலேயே துரையிடம் கொண்டுபோய், எடுத்தவன் பெயரைச் சொல்லிவிடுங்கள் என்றாள். அது நியாயமான பேச்சு. பெயரைச் சொன்னால் அந்த நான்கும் வேலுவின் தலையில் விழும், இவருடைய சீட்டு சுத்தமாக வரும், வீடு நிற்கும். காளியப்பன் எண்ணெய்த் துணியை எடுத்துத் துருவைத் துடைத்தார். திருப்பிக் கொண்டுவந்தவனை எப்படிக் காட்டிக்கொடுப்பது என்று கேட்டார். வெள்ளையம்மா, அப்படியானால் நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள் என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காலையில் அவர் துரை பங்களாவுக்குப் போகவில்லை. ஏரம்பமூர்த்தியின் மேசைமேல் ஸ்பானாவை வைத்தார்.

எங்கே கிடந்தது என்று கேட்டார் கிராணி. கிடக்கவில்லை, வந்தது என்றார் காளியப்பன். யார் கொண்டுவந்தது? அதைச் சொல்வதற்கில்லை. கிராணி காகிதத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, இந்த முறை நாற்காலியைக் காட்டினார். காளியப்பன் நின்றுகொண்டே பேசினார். அத்தனை பேச்சை அவர் ஆபீசில் பேசியதே கிடையாது. வாளி நம்பரைப் பற்றிச் சொன்னார், பாதையில் கிடந்த உளி வாசலுக்கு வருவதைச் சொன்னார். முந்தின மூன்றில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை, அவை திரும்பி வரவில்லை. இதில் நம்பர் இருந்தது. தவுக்கே வாங்கமாட்டேன் என்றான். எடுத்தவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"நீங்க இங்கிலீசு எழுத்துப் போட்டிருந்தா தவுக்கே வாங்காம இருந்திருப்பானுங்க. ஆனா ஸ்பானா ஆத்துல போயிருக்கும். வீட்டுக்கு வந்திருக்காது."

ஏரம்பமூர்த்தி பதினாறு வருஷமாகச் செக்ரோலில் அந்த நம்பர்களைத் தினமும் எழுதிவந்தவர். அவை லயத்துக்குள் போய் என்ன செய்கின்றன என்று அவர் யோசித்ததே இல்லை. ஸ்பானாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் முந்தியே கேட்டிருக்கோணும்" என்றார். "பிழை என்னிலைதான் பாதி. இருந்து பாப்பம்."

அவர் துரையிடம் என்ன சொன்னார் என்பது காளியப்பனுக்கு முழுக்கத் தெரியாது. இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. துரைக்கும் வேறு வழி இருக்கவில்லை. காளியப்பன் இடத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு ஆளை வரவழைத்துப் பார்த்திருந்தார். புது இஞ்சின் அவன் கையில் மூன்று தடவை இருமிவிட்டு நின்றது. பத்தொன்பது ஸ்பானாவைத் தேய்த்தால் பத்தொன்பதும் வீண். எஃகில் இருப்பதை அழிக்கமுடியாது. காகிதத்தில் இருப்பதை அழிக்கலாமே! எண்பத்து நாலு என்பது இனிமேல் இஞ்சின் கொட்டகைச் சாமான்களின் நம்பர், அது கம்பெனிக்குச் சொந்தம். காளியப்பனுக்குச் செக்ரோலின் கடைசியில், புதிதாக வந்தவர்களுக்கு அடுத்தபடி, முன்னூற்றுப் பதினொன்று. வேலை உண்டு, வீடு உண்டு.

ஏரம்பமூர்த்தி இதை நல்ல செய்தியாகத்தான் சொன்னார். காளியப்பனும் கும்பிட்டுவிட்டு வாசல்வரை போனார். பிறகு திரும்பி வந்தார்.

"ஐயா, நாளைக்குப் பெரட்டுல என்னைய என்ன நம்பர் சொல்லிக் கூப்பிடுவீங்க?"

"புத்தகத்திலை உள்ளதைத்தான். ஏன்?"

"முன்னூத்துப் பதினொன்னுன்னு கூப்பிட்டீங்கன்னா, ஒரு நாள்ல எல்லா லயத்துக்கும் தெரிஞ்சிரும்ங்க. எம்பத்து நாலு இப்ப தோட்டத்துதுன்னு."

கிராணிக்கு யோசிக்கவேண்டியிருந்தது, ஆனால் ரொம்ப நேரம் யோசிக்கவேண்டியிருக்கவில்லை. தோட்டத்துச் சாமானென்றால் காட்டு விறகு. நம்பர் யாருடையதும் இல்லை என்று தெரிந்த அன்றைக்கே பெட்டி மறுபடியும் காலியாகத் தொடங்கும். அப்போது நம்பர் கம்பெனியுடையதாக இருந்தாலும், போகச்சொல்லுகிற ஆள் காளியப்பனாகத்தான் இருப்பார்.

"நான் எண்பத்து நாலு எண்டே கூப்பிடுறன்" என்றார் கடைசியில். "எழுதிறது முன்னூற்றுப் பதினொண்டுக்கு நேரை எழுதுறன். துரை பெரட்டுக்கு வாறேல்லை. வந்தால் அப்ப பாப்பம். உம்மட வீட்டுக்காரிக்கும் சொல்லாதையும்."

மறுநாள் விடியுமுன் பெரட்டு மணி அடித்தது. பனியில் வாளிகளோடு எல்லோரும் வரிசையாக நின்றார்கள். கருப்பாயி நின்றாள். வேலு லாரிப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஏரம்பமூர்த்தி அரிக்கேன் விளக்கைத் தூக்கிப்பிடித்து வாசித்துக்கொண்டே வந்தார். எண்பத்து மூன்று போயிற்று. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்தச் செருமல் முன்பு இருந்ததில்லை.

"எண்பத்து நாலு."

"இருக்கேங்க" என்றார் காளியப்பன்.

கிராணி பக்கங்களைப் புரட்டிக் கடைசிக்குப் போய், எழுதிவிட்டுத் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு எந்தக் காலையிலும் அந்த ஒரு நம்பருக்கு மட்டும் கொஞ்சம் நேரம் பிடித்தது. கிராணிக்குக் கண் மங்கிவிட்டது என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

ஸ்பானா எதுவும் அதற்கப்புறம் போகவில்லை. அதற்காக யாரும் காளியப்பனைக் கூப்பிட்டு நன்றாயிருக்கிறது என்று சொன்னதும் இல்லை. புத்தகத்தில் அவர் வேறொரு ஆள். அந்த ஆளை லயத்தில் ஒருவருக்கும் தெரியாது. இங்கே நிற்கிற ஆளுக்குப் புத்தகத்தில் இடமில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து இஞ்சின் மட்டும் ஒன்றுதான். அதோடு திராவகப் புகையில் பிடித்த இந்த இருமல்.

அந்தப் பெரட்டு நடந்த அன்று சாயங்காலம் இஞ்சினை நிறுத்தியபின், எண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு பெட்டியருகே போனார். பத்தொன்பதையும் எண்ணினார். ஒவ்வொன்றாக எடுத்து, எட்டின் இரண்டு சுழியிலும் நாலின் மூலையிலும் துணியின் முனையை விட்டுத் துடைத்தார். யாருடைய நம்பராக இருந்தால் என்ன, வியர்வை பட்டால் துரு பிடிக்கத்தான் செய்கிறது. பெட்டியை மூடினார். கொட்டகைக்குள் எங்கும் சத்தமில்லை. ஒரு பழைய டின்னைக் காலால் இழுத்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார்.